லீவு கிடைக்கவில்லை என்று சொன்னவன்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். முந்தாநாள்தான் வீடியோவில் பார்த்துக்கொண்டோம். உனக்குச் சளி பிடித்திருப்பதும், எனக்கு முழங்கால் வலிப்பதும் இருவருக்கும் தெரியும். ஆனால் நமக்குள் பேச்சு எப்போதும் சளியிலும் முழங்காலிலும் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டும் என்று மூன்று முறை வாய்ஸ் மெசேஜ் பேசிப் பார்த்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன். கல்ஃபில் இருபத்தாறு வருடமாகப் பேனா பிடித்துப் பிழைக்கிறவன், எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். இன்று ஞாயிற்றுக்கிழமை, முசஃபா கேம்பில் எல்லோரும் துணி துவைக்கவும் முடி வெட்டவும் போய்விட்டார்கள். எதிர்க் கட்டிலில் இருந்த மலையாளி ஸ்டோர்கீப்பர் ஊரோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கட்டிலில் இப்போது என் துணிகள் தூங்குகின்றன. அவர் இருந்தபோது குறட்டைச் சத்தம் தாங்க முடியாமல் தினமும் திட்டுவேன். இப்போது அந்தக் குறட்டைக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் நம்புவாயா? நம்பு, உண்மைதான்.

உனக்கும் மாயாவுக்கும் அங்கே ஸ்லோவேனியாவிலேயே செப்டம்பரில் கல்யாணம் என்று நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு மாயா வீட்டுத் தோட்டத்தில் சாப்பாடு, மொத்தம் முப்பது பேர் என்றாய். "அப்பா, நீங்க வரணும். உங்க விசாவுக்கு நான் இங்க ஆபீஸ்ல போய் உத்தரவாதக் கடிதம் போடணும், தேதி மட்டும் சொல்லுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "லீவு கிடைக்குதான்னு பாக்கறேன்பா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி தானாக வந்துவிட்டது.  நீ "சரிப்பா, கிடைக்கலைன்னா பரவால்ல" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பழகிப்போன குரலில் சொன்னாய். பால்காரன் இன்று வரமாட்டான் என்று சொல்வதுபோல் இருந்தது. 

அடுத்த நாள்தான் மாயா எனக்கு ஒரு தாளை அனுப்பினாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. மாயா என்ற பெயரைக் கேட்டு நம் பக்கத்துப் பெண் என்று நினைத்து, ஸ்லோவேனியப் பெண் என்று தெரிந்து நான் ஏமாந்த கதைதான் உனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் இல்லையா, ஒருநாள் என்னிடம், உங்கள் வேலையில் அதிகம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டாள். லீவு என்றேன். சைட்டில் இருக்கிற எழுநூறு பேரும் என்னைப் பார்த்தால் சொல்வது அதைத்தான், வணக்கம்கூட அப்புறம்தான். அவள் சிரித்துவிட்டு, அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையையும், ஒவ்வொன்றுக்கும் ஸ்லோவேனிய மொழியில் என்ன சொல்வார்கள் என்பதையும் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், ஒரு குட்டிப் படம். வேலை செய்யாமல் விடுமுறையில் இருப்பது தோபுஸ்த். ஓரிடத்திலிருந்து கிளம்பிப் போவது ஒதீத்தி. அதற்கு ரயில் படம். சும்மா விடு, தொடாதே என்பது புஸ்தீத்தி. பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வருவதற்கு வேறு, மிச்சம் இருப்பதற்கு வேறு, விடைபெறுவதற்கு வேறு. ஆபீஸ் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாயாவின் அம்மாவைப் பார்க்கும்போது நாலு வார்த்தையாவது பேச வேண்டும் என்று தினமும் டீ குடிக்கும்போது மனப்பாடம் செய்கிறேன். வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஏன் மனப்பாடம் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் இந்தக் கடிதம் வந்தது.

என் வேலை என்ன என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. ஆபீஸ் வேலை என்பேன், நீயும் பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதியிருப்பாய். இந்தக் கம்பெனியில் தொழிலாளர்களின் லீவு ஃபைல் முழுக்க என் கையில். யாருக்கு எப்போது லீவு, எந்தத் தேதியில் டிக்கெட், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் நான்தான். எழுதத் தெரியாதவனுக்கு நான்தான் ஃபார்ம் நிரப்புவேன். அவசர லீவு என்றால் இங்கே ஒரு வழக்கம். போகிறவன் திரும்பி வருவான் என்று கேம்பில் இருக்கும் இரண்டு பேர் அவனுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் வராவிட்டால் கையெழுத்துப் போட்டவர்களின் அடுத்த லீவு தள்ளிப்போகும். அதனால் அப்பா செத்துப்போன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் அறை அறையாகக் கையெழுத்துக்கு அலைவான். நான் நிறையப் பேருக்குப் போட்டிருக்கிறேன். பஞ்சாபி, பீகாரி, பெங்காலி, நம் ஆட்கள், யாராக இருந்தாலும். "சார் மட்டும் யோசிக்காம போடுவாரு" என்று கேம்பில் எனக்கு நல்ல பெயர். யோசிக்காமல் போட்டதற்குக் காரணம் என் பெருந்தன்மை என்று அவர்கள் நினைக்கிறார்கள். தள்ளிப்போக எனக்கு லீவே கிடையாது என்பதுதான் காரணம். நான் எடுத்தால்தானே தள்ளிப்போக?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் இந்தக் கம்பெனி எனக்கு ஒரு முறைகூட லீவு மறுத்ததில்லை. ஒரே ஒரு முறைகூட. நான்தான் கேட்கவில்லை.

நீ ஒன்பது வயசில் இருந்தபோது முப்பது நாள் லீவில் வந்தேன். உனக்கு நினைவிருக்காது, உனக்கு அது ஒரு சாதாரண விடுமுறை. நான் வந்ததும் வீட்டில் எல்லாவற்றையும் சரிசெய்ய ஆரம்பித்தேன். ஆள் இல்லாத அறையில் எதற்கு ஃபேன், சாப்பிடும்போது எதற்கு டிவி, பையன் பெரியவனாகிவிட்டான், இன்னும் எதற்கு அம்மா பக்கத்தில் படுக்கிறான் என்று தினம் ஒரு சட்டம். பதினோரு மாதமாக அம்மாவும் பிள்ளையும் ஒரு ஒழுங்கில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்த வீட்டில், நான் சூப்பர்வைசர் மாதிரி நடந்துகொண்டேன். உன்னை ஹாலில் தனியாகப் படுக்க வைத்தேன். இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நீ அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "அம்மா, அப்பா எப்ப போவாங்க?" அம்மா உடனே, "ஷ், மெதுவா பேசு. இன்னும் எட்டு நாள்டா" என்றாள்.

நீ கேட்டது எனக்கு வலிக்கவில்லை, பிள்ளை கேட்கும். அவள் யோசிக்காமல் எட்டு என்று சொன்னாளே, அதுதான். காலண்டரைப் பார்க்கவில்லை, விரல் விட்டு எண்ணவில்லை. அந்த எண் அவள் நாக்கிலேயே இருந்தது. இன்று யோசித்தால், புருஷன் கிளம்பப் போகிறானே என்று வருத்தத்தில் எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. அப்படியும் இருக்கலாமே? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மிச்சம் எட்டு நாளும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. நான் நல்லபடியாக மாறிவிட்டேன் என்று நீங்கள் இருவரும் சந்தோஷப்பட்டீர்கள். அது எனக்கு இன்னும் வலித்தது.

அடுத்த முறை லீவு வந்தபோது, கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டேன். சைட்டில் அவசர வேலை, ஆள் இல்லை, மேனேஜர் சரியில்லை என்று ஒவ்வொரு முறை ஒரு காரணம். பாவம், அந்த மேனேஜர் நல்ல மனுஷன். ஒவ்வொரு வருடமும் "நீ ஏன் போகவில்லை?" என்று அவரே கேட்பார். அவரிடம், வீட்டில் விருப்பப்படவில்லை, பணம்தான் வேண்டுமாம் என்று அந்தப் பக்கம் உங்களைப் பழி சொல்வேன். இந்தப் பக்கம் அவரைப் பழி சொல்வேன். நடுவில் நான் மட்டும் உத்தமன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நாள் வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இப்படிக் கோழையாக ஒருவன் இருபது வருடம் இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

உன் அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. ஒருமுறை போனில், "நெசமாவே கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன் என்றேன். "யார்கிட்ட கேட்டீங்க? லீவு ஃபைலே உங்க கையிலதானே இருக்கு?" என்றாள். நான் வேறு பேச்சுக்கு மாறினேன். அவள் சண்டை போடவில்லை. "சரி, உடம்பைப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. உன்னிடம் மட்டும், "அப்பாவுக்கு கம்பெனியில விடலடா" என்று எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த எட்டு நாள் கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், "அடப் பைத்தியமே, இதுக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அந்த அடிக்கு நான் கொடுத்துவைக்கவில்லை.

அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது நீ கல்லூரியில் முதல் வருடம். பதினெட்டு முடிந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள், நீ போட்டாய். "அப்பா, நான் சைன் பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று வராந்தாவிலிருந்து போன் செய்தாய்.  ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு என்று முசஃபாவிலிருந்து ஆறுதல் சொன்னேன். அந்த நேரத்தில் என் மேசையில் எனக்கு முன்னால் ஒரு பீகாரிப் பையனின் அவசர லீவு ஃபார்ம் இருந்தது. அவன் மனைவிக்குப் பிரசவம். அவன் கட்டாயம் போக வேண்டும் என்று நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். உன்னோடு பேசி முடித்த அதே பேனாவால் போட்டேன். அந்தச் சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டியது என் கையெழுத்து. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு.

நாலு வருடம் முன்னால் உன் அம்மா செத்துப்போனபோதுதான் உண்மையாகவே அவசர லீவு போட்டேன். அவளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாய். காரியம் முடிந்து திருச்சி ஏர்போர்ட்டில் என்னை வழியனுப்பும்போது, "அந்தக் கம்பெனிய விட்டுத் தொலைங்கப்பா. ஒரு தடவையாவது ஒழுங்கா லீவு குடுத்திருந்தா அம்மா கடைசி காலத்துல இப்படி இருந்திருக்க மாட்டாங்க. மனுஷங்களா அவங்க?" என்று கண் கலங்கச் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன் தம்பி. ஆமாம் என்று ஆட்டினேன். நான் செய்ததிலேயே கேவலமானது அந்தத் தலையாட்டல்தான்.

மாயாவின் தாளில் ஸபுஸ்தீத்தி என்று ஒன்று இருக்கிறது. யாரையாவது விட்டுவிட்டுப் போய்விடுவது, கைவிடுவது. செத்துப்போகிறவன் பிள்ளைக்குச் சொத்து விட்டுப் போவதற்கும் அதையே சொல்வார்களாம். அதற்குப் பக்கத்தில் அவள் ஒரு வீடும் சாவியும் வரைந்திருக்கிறாள்.  துறையூரில் கட்டிய வீடு இருக்கிறது, நீயும் இல்லை, அவளும் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. உங்களுக்காகத்தான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் நான் தூங்கிய ராத்திரிகளைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. தனிமை என்று நான் யாரிடமும் புலம்பியதில்லை, புலம்ப எனக்கு உரிமை கிடையாது, நானே விலை கொடுத்து வாங்கியது. ஆனாலும் சொல்கிறேன், ரொம்பத் தனியாக இருக்கிறேன் தம்பி. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் மறுநாள் டூட்டி வரைக்கும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

போன வாரம் முருகேசன் என்று ஒரு வெல்டர் வந்தான், அரியலூர்ப் பக்கம். வருட லீவு ஃபார்ம். காரணம் என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன். கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை, ஏதாவது போடுவதுதான் வழக்கம். "காரணம்லாம் ஒண்ணுமில்ல சார். வீட்டுக்குப் போவணும், அவ்ளோதான்" என்றான். போனால் பிள்ளைகள் அடையாளம் தெரிந்துகொள்வார்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். "சின்னது மொத நாலு நாள் கிட்டயே வராது சார். போ போன்னு வெரட்டும். நான் போவ மாட்டேன், அங்கயே குந்திக்குவேன். அஞ்சாவது நாள் மடியில வந்து படுத்துக்கும்" என்று சிரித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "சார், உங்க ஃபார்ம யாரு சார் எழுதுவாங்க?" என்று கேட்டான். யாரும் இல்லை, நானேதான் என்றேன். "அப்ப எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இருபத்திரண்டாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு நான் கிளம்பிய இடத்தில், முருகேசனாக இருந்தால் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உன் வீட்டில் நீ விருந்தாளியாக இருக்காதே. மாயா ஒரு வார்த்தை சொல்லி அது உன்னைக் குத்தினால், என்ன நினைத்துச் சொன்னாய் என்று அன்றைக்கே கேட்டுவிடு. அர்த்தத்தை நீயாக எழுதிக்கொண்டு இருபது வருடம் சுமக்காதே. வராமல் இருக்க ஆசைப்பட்டால் வர மனசில்லை என்று சொல், வேலையைச் சாக்குச் சொல்லாதே. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னைப் பார்த்து எப்ப போவே என்று கேட்டால், தூக்கி வைத்துக்கொண்டு பதில் சொல். இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை, அதனால் நன்றாகவே தெரியும்.

நேற்று என் பெயருக்கு ஒரு ஃபார்ம் எடுத்து எழுதினேன். ஆயிரக்கணக்கில் எழுதிய ஃபார்ம்தான், ஆனால் பரீட்சை எழுதுகிற மாதிரி வியர்த்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் மகன் கல்யாணம் என்று எழுதினேன். நாட்கள் முப்பது. மேனேஜரிடம் இரண்டு பக்கப் பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முருகேசனும் மெஸ் சமையல்காரரும் கேட்காமலே ஜாமீன் கையெழுத்துப் போட வந்துவிட்டார்கள். இது வருட லீவு, ஜாமீன் தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை, ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். இனி உன் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். நான் வருவேன், உன்னிடம் தங்குவேன், சொன்ன தேதியில் கிளம்பிவிடுவேன் என்று உன் ஊர் அதிகாரிக்கு நீ உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதில் உன்னைத் தனியாகக் கையெழுத்துப் போட வைத்தவன் இன்னொரு கையெழுத்துக் கேட்கிறேன். இதையெல்லாம் படித்த பிறகும் போடத் தோன்றினால் போடு. தோன்றாவிட்டால் அதையும் நேராகச் சொல், லீவு கிடைக்கவில்லை என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

ஃபார்மில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. லீவில் தங்கும் முகவரி. முன்பெல்லாம் யாரையும் கேட்காமல் துறையூர் வீட்டை எழுதிவிடுவேன், என் வீடுதானே என்ற நினைப்பில். இந்த முறை அந்தக் கட்டத்தை நான் நிரப்பக் கூடாது. மாயாவிடமும் கேட்டுவிட்டு, முகவரியை நீ எழுதி அனுப்பு. வந்து இறங்கிய பிறகு எப்பப்பா போவீங்க என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சத்தமாகக் கேள். அது காதில் விழுந்ததும் செருப்பு மாட்டப் போகமாட்டேன். உன் எதிரிலேயே உட்கார்ந்து, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்கிறேன்.

அப்பா